ஓரத்தில் நின்ற மனிதர்: டென்ஹோம் எலியட் குறித்துக் கேள்வி பதில்

பிரிட்டிஷ் நடிகர் டென்ஹோம் எலியட் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சில பாத்திரங்களைப் பற்றிப் பேசும்போது கதையின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது; படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எலியட்டைத் துணை நடிகர் என்று அழைப்பது சரியா?

விருதுகளின் பெயரைத் தமிழாக்கும்போது 'சிறந்த துணை நடிகர்' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் நம் திரையுலகப் பேச்சில் துணை நடிகர் என்றால் திருமணக் காட்சியிலோ சந்தைக் காட்சியிலோ கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டு, மாலையில் அன்றைய கூலியை வாங்கிச் செல்பவர். எலியட் அந்த வகையினர் அல்லர். அவரைக் குணச்சித்திர நடிகர் என்று சொல்வதே பொருத்தம். 1949 முதல் 1992 வரை திரைப்படம், தொலைக்காட்சி இரண்டிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட வேடங்களை ஏற்றார். அவற்றில் பெரும்பாலானவற்றில் கதை வேறு யாரோ ஒருவருடையதாகத்தான் இருந்தது.

கேள்வி: அவர் போர்க்கைதியாக இருந்தார் என்பது உண்மையா? அந்த அனுபவம்தான் அவரை நடிகராக்கியதா?

உண்மைதான். 1922 மே 31 அன்று லண்டனில் பிறந்த எலியட், அரச நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் கம்பியில்லாத் தந்தி இயக்குபவராகப் பணியாற்றினார். 1942 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் நகரைத் தாக்கச் சென்ற குண்டுவீச்சு விமானம் அடிபட்டு, சில்ட் தீவுக்கு அருகே கடலில் இறங்கியது. உயிர் தப்பிய சிலரில் அவரும் ஒருவர். போர் முடியும்வரை, இன்று போலந்தில் இருக்கும் லாம்ஸ்டோர்ஃப் முகாமில் கைதியாக இருந்தார். அங்கே சக கைதிகளைச் சேர்த்து நாடகம் போட்டார்.

துன்பம் ஒருவரைக் கலைஞராக்கிவிடும் என்ற விளக்கத்தை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. அதே முகாமில் இருந்த ஆயிரக்கணக்கானோர் நடிகர்களாகிவிடவில்லை. எழுந்து போக வழியில்லாத பார்வையாளர்களுக்கு முன்னால் அவர் தொழில் பழகினார் என்று மட்டும் சொல்லலாம். பிற்பாடு, சிங்கப்பூரின் சாங்கிப் போர்க்கைதி முகாமில் நடக்கும் 'கிங் ரேட்' (1965) படத்திலும் கைதியான ஓர் அதிகாரியாக நடித்தார்.

கேள்வி: அவருடைய 1950களின் படங்களைப் பார்த்தேன். பின்னாளில் பார்த்த எலியட்டை அங்கே காணவே முடியவில்லையே?

அந்தப் பத்தாண்டில் பிரிட்டிஷ் சினிமா அவரிடம் வேண்டியது ஒரு முகத்தை மட்டுமே: நல்ல குடும்பத்தில் பிறந்த, சீருடை பொருந்துகிற இளைஞனின் முகம். தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் வாய்ப்புக்குக் குறைவில்லை. 'தி குரூயல் சீ' (1953) படத்தில் கடற்படை அதிகாரியாக வந்தார். அதே ஆண்டு 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' படத்தில் வில்சனாக வந்தார். இவற்றுள் டேவிட் லீன் இயக்கிய 'தி சவுண்ட் பேரியர்' (1952) மட்டும் பின்னால் வரப்போகிற எலியட்டை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. விமானத் தொழிலதிபரான தந்தையாக ரால்ஃப் ரிச்சர்ட்சன். பறப்பதில் நாட்டமே இல்லாத மகனாக எலியட். தந்தையின் முகத்துக்காகவே விமானத்தில் ஏறும் அந்த மகன், தனியாகப் பறக்கும் முதல் முயற்சியிலேயே இறந்துபோகிறான். அச்சத்தை மரியாதைக்குள் ஒளித்துவைக்கும் அந்த முகபாவத்தை, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் அவர் கைவிடவில்லை.

திருப்பம் வந்தது 1964இல், கிளைவ் டோனர் இயக்கிய 'நத்திங் பட் தி பெஸ்ட்' படத்தில். மேட்டுக்குடியில் நுழைய ஆசைப்படும் குமாஸ்தாவாக ஆலன் பேட்ஸ் நடித்தார். அவருக்கு உடையும் உச்சரிப்பும் அலட்சியமும் கற்றுக்கொடுக்கும், குடும்பத்தால் கைவிடப்பட்ட ஊதாரிக் கனவானாக எலியட் வருகிறார். கற்றுக்கொண்ட மாணவன், ஆசிரியரின் பழைய பள்ளிக் கழுத்துப்பட்டையாலேயே அவரை நெரித்துக் கொன்றுவிடுகிறான். எலியட் அப்போது நாற்பதைக் கடந்திருந்தார். சீருடை கழன்றது, அதற்குள்ளிருந்து அழுக்கேறிய கனவான் ஒருவர் வெளியே வந்தார். எலியட்டின் உண்மையான திரைவாழ்வு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

கேள்வி: 'ஆல்ஃபி' படத்தில் அவர் வருவது சில நிமிடங்கள்தான். அதை ஏன் இவ்வளவு பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

படம் வெளியான 1966இல் பிரிட்டனில் கருக்கலைப்பு சட்டப்படி குற்றம். அதைத் தளர்த்தும் சட்டம் மறு ஆண்டில்தான் நிறைவேறியது. எலியட் ஏற்றது திருட்டுத்தனமாகக் கருக்கலைப்பு செய்பவரின் வேடம். வேறு நடிகராக இருந்தால் ஒரு கொடியவனைக் காட்டியிருப்பார். எலியட்டோ ஒரு காலத்தில் மரியாதையாக வாழ்ந்து, இப்போது அந்த மரியாதையின் சொற்களை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவரைக் காட்டுகிறார். நோயாளியிடம் பேசும் மருத்துவரின் முறையான தொனியில் எச்சரிக்கைகளைச் சொல்கிறார். அதே தொனியில் பணத்துக்கும் வந்துவிடுகிறார். அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே குரல் மாறவே இல்லை என்பதுதான் பார்ப்பவரை நடுங்க வைக்கிறது. யாரையும் அவர் கண்ணுக்கு நேராகப் பார்ப்பது மட்டும் இல்லை.

கேள்வி: பிரிட்டிஷ் திரையுலகின் பெரிய விருதான பாஃப்டாவைத் தொடர்ந்து மூன்று முறை பெற்றாராமே? எந்தப் படங்களுக்கு? அவற்றில் எது சிறந்தது?

1983, 1984, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளின் படங்களுக்காகச் சிறந்த துணை நடிகர் விருது தொடர்ச்சியாக அவருக்கே போனது. முறையே 'டிரேடிங் பிளேசஸ்', 'எ பிரைவேட் ஃபங்ஷன்', 'டிஃபென்ஸ் ஆஃப் தி ரெல்ம்'.

'டிரேடிங் பிளேசஸ்' ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படம். அதில் அவர் கோல்மன் என்னும் வீட்டுப் பணியாளர். ஆண்டுக்கணக்காகத் தாம் பணிவிடை செய்த இளம் முதலாளி ஒருநாள் வாசலில் வந்து நிற்கும்போது, மேலிடத்து உத்தரவுப்படி "உங்களை எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். அந்தக் காட்சியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பணியாளருக்குரிய மிடுக்கு இம்மியும் குறையாமலே, தாம் செய்வதைக் குறித்து அவர் வெட்கப்படுவதும் நமக்குத் தெரிகிறது. டேன் அய்க்ராய்டும் எடி மர்ஃபியும் உரக்க நடிக்கும் படத்தில் அவருடைய அடங்கிய குரல்தான் வீட்டுக்குத் தூண் போல நிற்கிறது.

'எ பிரைவேட் ஃபங்ஷன்' போருக்குப் பிந்தைய ரேஷன் காலத்துக் கதை. 1947இல், இளவரசி எலிசபெத்தின் திருமணத்தைக் கொண்டாட ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு பன்றியைச் சட்டவிரோதமாக வளர்க்கிறார்கள். ஆலன் பென்னட் எழுதிய இந்தப் படத்தில் டாக்டர் ஸ்வாபியாக எலியட் காட்டும் மேட்டிமை, சிரிக்கவும் வைக்கும், கசக்கவும் வைக்கும். மேகி ஸ்மித், லிஸ் ஸ்மித் இருவரும்கூட இதே படத்துக்காக பாஃப்டா பெற்றார்கள்.

ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். 'டிஃபென்ஸ் ஆஃப் தி ரெல்ம்' படத்தில் வெர்னன் பேலிஸ் என்னும் மூத்த பத்திரிகையாளராக வருகிறார். குடிப்பழக்கம் உள்ளவர், அலுவலகத்தில் இளையவர்கள் அவரைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் எந்தச் செய்திக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் பாதிப் படத்திலேயே இறந்துவிடுகிறார். மீதிப் பாதி முழுவதும் நாயகன் அவர் விட்டுச்சென்ற தடயத்தைப் பின்தொடர்கிறான். பார்வையாளர்களாகிய நாமும் அந்தக் கசங்கிய மனிதர் இல்லாத குறையை உணர்ந்துகொண்டே இருக்கிறோம். "குழந்தைகளோடும் நாய்களோடும் டென்ஹோம் எலியட்டோடும் சேர்ந்து நடிக்காதே" என்று அந்தப் படத்தின் நாயகன் கேப்ரியல் பைர்ன் சொன்னதாக ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பார்ப்பவர் கண் அவர்கள் பக்கமே போய்விடும் என்பது பொருள்; அடிபட்டவருக்குத்தானே வலி தெரியும்.

கேள்வி: இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் முதல் படத்தில் அறிவார்ந்தவராக வரும் மார்கஸ் பிராடி, 1989 படத்தில் கோமாளியாகிவிட்டாரே, ஏன்?

இந்தக் குறையை எனக்கு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் நான்காவது ஆளாகச் சேர்ந்துகொள்கிறேன். 1981இல் வந்த முதல் படத்தில் பிராடி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நிதானமான மனிதர். பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழையைத் தேடிப் போவதன் ஆபத்தை நாயகனிடம் எடுத்துச் சொல்பவரும் அவரே. 1984 படத்தில் அவர் இல்லை. 1989 படத்தில் ஷான் கானரி நாயகனின் தந்தையாக நுழைந்ததும் கதை முழுவதும் நகைச்சுவைப் பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வில் பிராடியும் வழுக்கினார்.

ஆனாலும் எலியட்டின் மீது குற்றமில்லை. பிராடிக்குப் பல மொழிகள் தெரியும், உள்ளூர் மக்களோடு கலந்து மறைந்துவிடுவார் என்று நாயகன் பெருமை அடிப்பான். அடுத்த காட்சியிலேயே இன்று துருக்கியில் இருக்கும் இஸ்கெண்டெருன் நகரத்துச் சந்தையில், வெளிர்நிற உடையும் தொப்பியுமாக, இங்கே யாருக்காவது ஆங்கிலம் தெரியுமா என்று பிராடி கேட்டுக்கொண்டு நிற்பார். எழுத்தில் அது மலிவான நகைச்சுவை. எலியட் அதைப் பதற்றமே இல்லாத, நாகரிகம் குறையாத ஒரு தனிமையோடு செய்வதால், சிரித்துக்கொண்டே அந்த மனிதரைப் பத்திரமாக வீடு சேர்க்கத் தோன்றுகிறது.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். இங்கே எடுக்கப்பட்டு இங்கேயே தடை செய்யப்பட்ட படத்தில் அவர் நடித்தார் என்கிறார்கள்.

'செயின்ட் ஜாக்' (1979). பீட்டர் போக்டனோவிச் இயக்கியது. படப்பிடிப்புக்கு அனுமதி பெறுவதற்காக 'ஜாக் ஆஃப் ஹார்ட்ஸ்' என்ற பெயரில் வேறொரு கதைச் சுருக்கத்தை அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். உண்மைக் கதையோ பாலியல் தொழில் தரகனைப் பற்றியது. 1980இல் விதிக்கப்பட்ட தடை 2006இல்தான் நீங்கியது. எலியட், ஹாங்காங்கிலிருந்து கணக்குத் தணிக்கைக்காக வந்துபோகும் வில்லியம் லீ. சொந்த நாட்டில் ஒரு சிறிய வீடும் ஓய்வும் வேண்டும் என்று ஆசைப்படும் இந்தச் சாதாரண மனிதரோடு தரகனுக்கு ஏற்படும் நட்புதான் படத்தின் ஈரமான பகுதி. பழைய சிங்கப்பூர்த் தெருக்களுக்காகவும் நீங்கள் இதைப் பார்க்கலாம்.

கேள்வி: ஆஸ்கார் கிடைத்ததா?

இல்லை. 'எ ரூம் வித் எ வியூ' (1985) படத்தின் திரு. எமர்சன் வேடத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டார். மும்பையில் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரித்து ஜேம்ஸ் ஐவரி இயக்கிய படம் அது. ஃபிளாரன்ஸ் விடுதியின் சாப்பாட்டு மேசையில், ஜன்னல் காட்சி இல்லாத அறை கிடைத்ததென்று வருந்தும் பெண்களிடம், தம் அறையை மாற்றித் தருவதாக எமர்சன் சொல்வார். தமக்கான வானம் உள்ளே இருக்கிறதென்று நெஞ்சைக் காட்டுவார். உதவி செய்ய முன்வருவதையே அநாகரிகமாகக் கருதும் ஒரு கூட்டத்தின் நடுவே நடக்கும் காட்சி. மறைப்பதற்கு எதுவுமே இல்லாத மனிதராக எலியட் நடித்தது அபூர்வம்; இது அவற்றில் ஒன்று.

1987 விழாவில் விருதைப் பெற்றவர் மைக்கேல் கெய்ன். 'ஆல்ஃபி'யின் நாயகனும் அவரே.

கேள்வி: தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது? முதலில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

'தி சிக்னல்மேன்'. சார்லஸ் டிக்கன்ஸின் பேய்க்கதையைக் கொண்டு பிபிசி 1976 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒளிபரப்பியது. நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. ஆழமான பள்ளத்தில், சுரங்கப்பாதையின் வாயிலில், தனியாக வேலை பார்க்கும் ரயில்வே ஊழியர் எலியட். பார்க்க வந்த வழிப்போக்கரோடு கணப்பருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது சட்டென்று மணியின் பக்கம் திரும்புவார். மணி ஒலித்தது அவருக்கு மட்டும் கேட்டது. பிறகு மெல்ல வழிப்போக்கரின் முகத்தைப் பார்ப்பார், உனக்குக் கேட்டதா என்று கேட்கத் துணியாமல். விதிமுறைகளை ஒழுங்காகப் பின்பற்றும் ஊழியர் தம் காதையே நம்ப முடியாமல் தவிப்பதை அந்தப் பார்வை சொல்லிவிடுகிறது. அவர் நடித்தவற்றில் இதற்கு மேல் எதையும் நான் வைப்பதில்லை.

அடுத்து 1985இன் 'பிளீக் ஹவுஸ்' தொடரில் ஜான் ஜார்ண்டைஸ். 'பிரிம்ஸ்டோன் அண்ட் ட்ரீக்கிள்' நாடகத்தை 1976இல் எடுத்த பிபிசி, அதை 1987வரை ஒளிபரப்பாமல் நிறுத்திவைத்தது; இடையில் 1982இல் அதே கதை திரைப்படமானபோதும் தந்தை வேடம் எலியட்டுக்கே வந்தது. ஷெர்லக் ஹோம்ஸ் ரசிகர்களுக்கு ஒரு செய்தி: பாஸ்கர்வில் கதையில் 1978இல் ஸ்டேப்பிள்டனாகவும், 1983இல் டாக்டர் மார்ட்டிமராகவும் வந்தார்.

கேள்வி: கடைசிக் காலத்தில் உடல்நலம் குன்றியிருந்தாரா?

1987இல் எச்ஐவி தொற்று உறுதியானது. அடுத்த ஆண்டு சிபிஇ என்னும் பிரிட்டிஷ் அரசப் பட்டம் பெற்றார். தொடர்ந்து வேலை செய்தார். 1991இல் 'எ மர்டர் ஆஃப் குவாலிட்டி' தொலைக்காட்சிப் படத்தில் ஜார்ஜ் ஸ்மைலி என்னும் முன்னாள் உளவாளியாக வந்தபோது நாயகன் இடமே அவருடையது. 1992இல் வெளியான 'நாய்சஸ் ஆஃப்' படத்தில் அவர் ஏற்றது, வசனமும் நுழைய வேண்டிய நேரமும் மறந்துபோகும் முதிய குடிகார நடிகரின் வேடம். அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று, இபிசா தீவிலுள்ள வீட்டில், எய்ட்ஸ் தொடர்பான காசநோயால் தம் 70ஆம் வயதில் காலமானார். 1962இல் அவரை மணந்த சூசன், கணவரின் வாழ்வையும் நோயையும் மறைக்காமல் பின்னர் ஒரு நூல் எழுதினார்.

கேள்வி: 2008இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தில் அவருடைய படத்தைப் பார்த்த நினைவு. சரியா?

சரி. நாயகன் பாடம் நடத்தும் கல்லூரியில் பிராடியின் சித்திரமும், வளாகத்தில் அவருக்கு ஒரு சிலையும் உண்டு. துரத்தல் காட்சியில் வண்டி மோதி அந்தச் சிலையின் தலை முறிந்து, துரத்தி வந்தவர்களின் காரிலேயே போய் விழும். வழக்கம்போல் அந்தக் காட்சியிலும் கதை வேறொருவருடையதுதான். ஆனாலும் நான் பார்த்தது அந்தத் தலையைத்தான்.