பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? ஃபார்மேட் அடிக்கும் முன் படியுங்கள்

கே: லேப்டாப்பில் பின் நம்பரைச் சரியாகத்தான் போடுகிறேன், தவறு என்கிறது. ஃபார்மேட் அடித்துவிடலாம் என்கிறான் பையன். (மேற்கு மாம்பலம் வாசகி)

ப: வேண்டவே வேண்டாம் அம்மா. அடித்தால் உங்கள் படங்களும் சேர்ந்து போய்விடும். முதலில் கீபோர்டில் எண் பட்டன்களை இயக்கும் ‘Num Lock’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பேருக்கு அதுதான் சிக்கல். அதுவும் சரியாக இருந்தால், பின் கட்டத்துக்குக் கீழே ‘மறந்துவிட்டேன்’ என்று இருப்பதை அழுத்துங்கள். வைஃபை வேண்டும். பின் வேறு, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு வேறு. அந்த பாஸ்வேர்டைக் கொடுத்தால் புதுப் பின் வைத்துக்கொள்ளலாம். அதுவும் மறந்திருந்தால் செல்போனிலேயே மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் மாற்றலாம். கணக்கில் கொடுத்த நம்பருக்கோ மெயிலுக்கோ ஓடிபி வரும்.

கே: என்னுடையது மெயில் இல்லாத லோக்கல் அக்கவுண்ட். கடைக்காரர் பத்தே நிமிடத்தில் உடைத்துத் தருகிறேன் என்கிறார். (தாம்பரம் வாசகர்)

ப: அவரால் முடியும்தான். ஆனால் வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால், விண்டோஸ் அந்தப் பழைய பாஸ்வேர்டை வைத்துப் பூட்டியவை திறக்காமல் போகலாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் என்க்ரிப்ட் செய்த (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய) ஃபைல்களும் அந்த வகை. விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், ஒருமுறை தப்பாகப் போட்டுப் பாருங்கள். ரீசெட் என்று கீழே வந்தால், கணக்கு தொடங்கும்போது நீங்கள் பதில் சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்கும். அங்கே திறந்துவிட்டால் கடைக்கே போக வேண்டாம்.

கே: மதர்போர்டு மாற்றினேன். இப்போது நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. (வேளச்சேரி வாசகர்)

ப: அது பாஸ்வேர்டு பிரச்சினையே இல்லை. விண்டோஸிலேயே இருக்கும் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதி உங்கள் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கிறது. சாவியைக் காக்கும் சிப் பழைய போர்டோடு போய்விட்டது, அதனால்தான் கேட்கிறது. வேறொரு கணினியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீயை, அதாவது அந்த 48 இலக்க எண்ணைத் தேடுங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் அங்கிருப்பதோடு பொருந்த வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி துறையில் கேளுங்கள். முதலில் கணக்கு தொடங்கியது மனைவியா, மகளா என்றும் விசாரியுங்கள், கீ பெரும்பாலும் அவர்கள் கணக்கில் இருக்கும். அது எங்கும் கிடைக்காவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கே: அப்பா காலமாகிவிட்டார். அவருடைய விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில் குடும்பப் படங்கள் இருக்கின்றன, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. (பெரம்பூர் வாசகர்)

ப: பாஸ்வேர்டே தேவைப்படாது. அந்தக் காலத்து வீட்டு டெஸ்க்டாப்புகளில் டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருப்பது அபூர்வம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ரிச்சி தெருவில் கிடைக்கும் யூஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கணினியில் செருகுங்கள். டெஸ்க்டாப் டிஸ்க் 3.5 அங்குலம், அதற்குத் தனி பவர் அடாப்டரோடு வரும் கேஸைக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப் டிஸ்க்குக்கான சின்ன கேஸ் பொருந்தாது. யூசர்ஸ் ஃபோல்டரில் அப்பா பெயரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வரும், ‘தொடர்’ என்பதை அழுத்திக் கொஞ்சம் பொறுங்கள். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கணினி கேட்டால் மட்டும் கேன்சல் செய்துவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கே: மேக்புக்கிலும் இதே கதையா? (அடையாறு மாணவி)

ப: ஏறக்குறைய இதேதான். சில முறை தப்பாகப் போட்டதும் ஆப்பிள் கணக்கு (முன்பு ஆப்பிள் ஐடி) மூலம் மாற்ற வழி காட்டும். மேக்கின் டிஸ்க் பூட்டான ஃபைல்வால்ட் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் கேட்கலாம், எழுதி வைத்த தாளைத் தேடி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.