மெடிசின் கிடைக்கவில்லை, அதனால் பார்மசியா?

அக்கா, உங்கள் மெசேஜை இரண்டு தடவை படித்தேன். மகளுக்கு மெடிசினில் இடம் இல்லை, டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் கேம்பஸில் பார்மசிக்குக் கூப்பிடுகிறார்கள், "கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கவா இத்தனை படிப்பு" என்று வீட்டில் முணுமுணுப்பு. சரி, எண்ணுகிற வேலைக்கு உதவியாளர்கள் இருக்கிறார்கள்.

என் அம்மா கதையைச் சொல்கிறேன். புரட்டாசி சனிக்கிழமையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயிலுக்குப் போவார், ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்வார். ஒருநாள் கோயில் வாசலிலேயே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மேல் தப்பில்லை, விரதத்தைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லையே! அடுத்த மாதம் மருந்து வாங்கப் போனபோது, டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பார்மசிஸ்ட் பெண்தான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே "ஆயா, விரதம் இருப்பீங்களா?" என்று கேட்டாள். வெறும் வயிற்றில் அந்தச் சுகர் மாத்திரை கிளிக்லசைடைப் போட்டால் சுகர் சட்டென்று இறங்கும் என்று சொல்லி, டாக்டரிடம் போனில் பேசி, விரத நாளில் என்ன செய்வது என்று பெட்டி மேலேயே எழுதிக் கொடுத்தாள்.

இதையே நாடு அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் சுமார் 80 லட்சம் பேருக்கு எச்ஐவி இருக்கிறது, மாத்திரை ஆயுள் முழுக்க. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி வரிசையில் விடியற்காலையிலிருந்து நிற்கச் சொன்னால் எத்தனை பேர் பாதியில் விட்டுவிடுவார்கள்? அதனால்தான் 2014 முதல் இப்படி நீண்ட நாள் எடுக்கிற (கிரானிக்) மருந்தை வீட்டுப் பக்கத்துப் பார்மசியிலேயே வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். தனிப் பயிற்சி எடுத்த பார்மசிஸ்டுகள் எச்ஐவி சிகிச்சையைத் தாங்களே தொடங்கும் 'பிமார்ட்' திட்டத்தை எதிர்த்து டாக்டர்கள் தரப்பில் வழக்குப் போட்டார்கள், 2023இல் பிரிட்டோரியா ஹைகோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. டாக்டர்களே கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு ஒரு வேலை என்றால், அது மாத்திரை எண்ணுகிற வேலையா?

இன்னொரு பக்கம், 'முடியாது' என்று சொல்வதும் இந்த வேலைதான். சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வருகிறவரை, டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று முகம் கோணாமல் திருப்பி அனுப்ப வேண்டும். தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் கிருமிகள் அதற்கு அடங்காமல் போய்விடும். அப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மட்டும் 2019இல் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது, கவுண்டரில் திட்டு வாங்குகிற பார்மசிஸ்ட் பெண்ணுக்கும் அதைத் தடுப்பதில் பங்கு உண்டு.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.பார்ம் 4 வருடம், அப்புறம் 1 வருடம் இன்டர்ன்ஷிப், அதற்கு மேல் 1 வருடம் கம்யூனிட்டி சர்வீஸ் என்கிற கட்டாய அரசு சேவை. டர்பனிலேயே போடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள், போஸ்டிங் தாமதமாவதும் உண்டு. வீட்டு வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ்ஸுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பிள்ளை ஜூலுவும் சரளமாகப் பேசப் பழகட்டும், கவுண்டரில் அதுதான் முதலில் கைகொடுக்கும்.

இந்தச் சனிக்கிழமை தெரிந்த பார்மசி ஒன்றில் கேட்டுக்கொண்டு அவளை இரண்டு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். முடிந்ததும் எனக்குப் போன் போடட்டும். நீங்கள் இல்லை அக்கா, அவள்.