மண்சரிவில் உறவுகளை இழந்த எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஓவியமும் மிருகக் கதையும் எப்படி உதவும்?

மூணாறு, வயநாடு பக்கத்து லயங்களில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிள்ளைகளோடு உட்காரப் போகிற ஆசிரியரோ, மன்றத்து இளைஞரோதான் இதைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் சில வாரம் கிரேயானை எடுக்கவே வேண்டாம். படுக்க இடம், சோறு, பள்ளிக்கூடம், தெரிஞ்ச முகம், அப்போதைக்கு அதுதான் மருந்து. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, லயம் சற்று அடங்கியபின் தொடங்குங்கள். வாரம் ஒருநாள், அதே இடம், அதே நேரம், ஒரு மணி நேரம் போதும். எட்டுப் பிள்ளைக்கு இரண்டு பெரியவர் வேண்டும்: ஒருவர் கதை சொல்ல, மற்றவர் பாதியில் எழுந்து போகிற பிள்ளையோடு கூடப் போக. பள்ளியில் மலையாளம் பேசினாலும் வீட்டில் அழுவது தமிழில்தான், அதனால் கதை வீட்டுத் தமிழிலேயே இருக்கட்டும்.

"எனக்குப் பயமா இருக்கு" என்று வாய் வராத பிள்ளை, "மான்குட்டிக்கு ராத்திரி தூக்கமே வரல" என்று சொல்லிவிடும். அந்த மறைப்பில்தான் விஷயமே இருக்கிறது. "மான்குட்டி நீதானே?" என்று கேட்டீர்களோ, போச்சு. "தூக்கம் வராதப்ப அது யாருகிட்ட போய் ஒட்டிக்கும்?" என்று கேளுங்கள்.

யானை வேண்டாம் என்பேன். அங்கே அது ராத்திரி ரேஷன் கடையை உடைக்க வருகிற ஆள். ராஜமலை வரையாடு நல்ல தேர்வு, கூட்டமாக வாழ்கிற மிருகம். 2020 ஆகஸ்ட் மண்சரிவில் 70 பேரைப் பறிகொடுத்த, மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில், காணாமல்போன குழந்தை கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்த குவி என்ற நாயின் கதை பெரியவர்களுக்கு ஆகும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, அது குழந்தையின் உடலைக் கண்டெடுப்பதில் போய் முடிகிறது. மனுநீதிச் சோழன் கதையையும் பசு மணியடிக்கிற இடத்தோடு நிறுத்துங்கள். தேர்க்கால் வரை போனால், 'யார் செஞ்ச தப்பு' என்ற பேச்சு கிளம்பிவிடும். கடைசியில் தாய் மான் திரும்பி வருவதாக மட்டும் முடிக்காதீர்கள். பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும்.

கருப்பும் பழுப்பும்தான் முதலில் தீரும், கூடுதலாக வாங்கி வையுங்கள். களிமண் தவிருங்கள், ஈரமண் வாசமே சிலரை அந்த ராத்திரிக்குக் கொண்டுபோய்விடும். பதிலுக்கு 2 டம்ளர் மைதா, 1 டம்ளர் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். தண்ணீர் முக்கால் டம்ளரில் தொடங்கி, பதம் பார்த்துச் சேர்த்துப் பிசையுங்கள். மூணாறு ஈரத்துக்கு உப்பு நீர் கோத்துப் பொம்மை பிசுபிசுக்கும், அதனால் விரல் பருமனுக்கு மேல் வேண்டாம், அடுப்புப் பக்கம் காயட்டும்.

படத்துக்குப் பரிசு, சுவரில் ஒட்டுவது, வாட்ஸ்அப்பில் போடுவது மூன்றும் கூடாது. பெயரெழுதிய ஃபைலில் போட்டு, கடைசி வாரம் பிள்ளை கையிலேயே கொடுங்கள். கிழித்துப்போட்டாலும் அது அவன் இஷ்டம். தகரக் கூரையில் மழை வலுத்தால் கதையை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமோ சாப்பாடோ இல்லை என்றாலும், "நானும் போயிடறேன்" என்ற சொல் ஒரே ஒருமுறை வந்தாலும் உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.