நர்சிங் படிக்கிற பொண்ணு வைவால தடுமாறுறாளா?

அம்மா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு பி.எஸ்சி. நர்சிங் மூணாவது வருஷம், தியரில நல்ல மார்க், வைவான்னா (எக்ஸாமினர் கேக்குற கேள்விக்கு நேர்ல வாயால பதில் சொல்ற தேர்வு) மட்டும் வாயே திறக்க மாட்டேங்குறா, இந்தப் படிப்பே அவளுக்கு ஒத்து வராதோன்னு கேட்டிருக்கீங்க. தாராளமா ஒத்து வரும்மா, இப்போ போய் கோர்ஸை விடுறதப் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க. ஆனா தியரி, பிராக்டிகல் (வைவா இதுலதான் சேரும்) ரெண்டுலயும் தனித்தனியா 50 சதவீதம் எடுத்தாதான் பாஸ், அதனால இப்பவே சரி பண்ணிடணும்.

பிள்ளைங்க டெஃபினிஷன் எல்லாம் கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க, "முதல்ல என்ன செய்வே?"ன்னு கேட்டாதான் திணறிடுவாங்க. ரத்தம் ஏத்த ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல நோயாளிக்கு குளிர் நடுக்கம் வருது, என்ன செய்வேன்னா நிறைய பேர் "டாக்டர்கிட்ட சொல்வேன் மேம்"ங்குறாங்க. நீ போய் சொல்லிட்டு வர்ற வரைக்கும் அந்த ரத்தம் உள்ள போயிட்டே இருக்குமேம்மா? முதல்ல ரத்தத்தை நிறுத்தணும், புது டியூப் மாட்டி நார்மல் சலைன் போட்டு லைனை (நரம்புல போட்ட ஊசி வழிய) காப்பாத்தணும், பக்கத்துல இருக்கவங்கள விட்டு டாக்டர கூப்பிடச் சொல்லிட்டு நோயாளிகிட்டயே நின்னு பல்ஸ், பிபி பார்க்கணும். இந்த வரிசையை வாய்விட்டு சொல்லிப் பழகினாதான் எக்ஸாமினர் முன்னாடி வரும், மனசுக்குள்ள படிச்சா வராது.

டிரிப் கணக்கும் அப்படித்தான், 1000 மில்லி, 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழற செட்டுன்னா நிமிஷத்துக்கு 42 சொட்டு, பேப்பர் இல்லாம சொல்லத் தெரியணும்.

அடுத்தது கம்யூனிட்டி ஹெல்த். இதை "ஈஸி சப்ஜெக்ட்"னு பிள்ளைங்க ஒதுக்கிடுறாங்க, எனக்கு ரொம்ப வருத்தம் இதுலதான். வார்டுல சந்தேகம்னா கேக்க பக்கத்துல சீனியர் இருப்பாங்க, கிராமத்துல ஒரு வீட்டு வாசல்ல அவ மட்டும்தான் நிப்பா. குழந்தைக்கு பிசிஜி (காசநோய் தடுப்பூசி) போட்டு மூணு வாரத்துல கைல சின்னதா வீங்கி, அப்புறம் புண்ணாகுது, குழந்தையோட ஆத்தா பயந்துபோய் மஞ்சள் அரைச்சு பூச நிக்குறாங்க. இது வழக்கமா வர்றதுதான், எதுவும் தடவாதீங்க, தானா ஆறி தழும்பாயிடும், அக்குள்ல பெருசா கட்டி வந்தா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்கன்னு அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லத் தெரியணும். புத்தகத்துல இருக்குற இங்கிலீஷ் வாக்கியத்த அந்த ஆத்தாகிட்ட சொல்ல முடியுமா?

இதுக்கு நீங்களே உதவலாம், நீங்க நர்சிங் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல. பக்கத்து வீட்டு குழந்தையோட தடுப்பூசி அட்டைய வாங்கி வச்சுக்கோங்க. 6, 10, 14 வாரத்துல என்னென்ன ஊசி, என்னென்ன சொட்டு, எதுக்காகன்னு உங்களுக்கு விளக்கச் சொல்லுங்க. ஓஆர்எஸ் பாக்கெட்ட எவ்ளோ தண்ணில கரைக்கணும்னு கேளுங்க (ஒரு லிட்டர், 24 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது). அவ சொல்றது உங்களுக்குப் புரியலன்னா "புரியல கண்ணு, இன்னொரு தடவ சொல்லு"ன்னு கேளுங்க, தப்பா சொன்னா மட்டும் திட்டிடாதீங்கம்மா, ஏற்கனவே காலேஜ்ல அது நிறைய கிடைக்குது.

எம்ஆர்பி (தமிழ்நாடு அரசு நர்ஸ் வேலைத் தேர்வு), நார்செட் (எய்ம்ஸ் நர்ஸ் வேலைத் தேர்வு) எல்லாம் கோர்ஸ் முடிச்சப்புறம் பார்த்துக்கலாம், அங்கயும் இதே விஷயத்ததான் கேக்குறாங்க. இந்த வாரம் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணும்போது மார்க்கப் பத்தி கேக்காம, வார்டுல இன்னைக்கு எந்த நோயாளியப் பார்த்தே, அவங்களுக்கு என்ன செஞ்சேன்னு கேட்டுப் பாருங்க.