மனக்கஷ்டத்தில் தவிக்கும் கணித மேதைகளைப் பற்றிய படங்களில் எது சிறந்தது?

கேள்வில 'எ பியூட்டிஃபுல் மைண்ட்', 'குட் வில் ஹண்டிங்', 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' மூணையும் போட்டு எது பெஸ்ட்னு கேட்டிருக்கீங்க. நான் எம்.எஸ்ஸி. மேத்ஸ் முடிச்சுட்டு ப்ளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்கறவன், இந்த மாதிரி படம் எது வந்தாலும் "சார் இதுல காட்டற கணக்கு நிஜமா"ன்னு எவனாவது வந்து நிப்பான், அந்த சாக்குல எல்லாத்தையும் பாத்தாச்சு. கூட 'பை' (கணக்குல வர்ற π), அப்புறம் நம்ம ஞான ராஜசேகரன் எடுத்த 'ராமானுஜன்', இந்த ரெண்டையும் சேத்துக்கறேன். ஸ்பாய்லர் நிறைய இருக்கு, பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "ஜீனியஸ்னா கொஞ்சம் லூசாத்தான் இருப்பாங்க"ன்னு எல்லாரையும் ஒரே லிஸ்ட்ல போட்டுடறோம் பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல். 'எ பியூட்டிஃபுல் மைண்ட்'ல வர்ற ஜான் நாஷுக்கு வந்தது ஸ்கிட்சோஃப்ரீனியாங்கற மனச்சிதைவு வியாதி. வில் ஹண்டிங்குக்கு சின்ன வயசுல வாங்கின அடி உதை. ராமானுஜனைப் படுத்தினது இங்கிலாந்து குளிரு, சாப்பாடு, உலகப்போர், தனிமை, ஒடம்பு. மூணும் வேற வேற. அந்தக் கஷ்டம் எங்கேருந்து வருதுன்னு படம் சரியா பிடிச்சுதா இல்லையா, நான் மார்க் போடறது அதுக்குத்தான்.

'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001). படமா பாத்தா இதுதான் டாப்பு, சந்தேகமே இல்ல, பெஸ்ட் பிக்சர், பெஸ்ட் டைரக்டர் உட்பட நாலு ஆஸ்கர். ரூம்மேட் சார்லஸ் நிஜமான ஆளுன்னு நம்மளையும் பாதிப் படம் வரைக்கும் நம்ப வெச்சிருப்பாங்க, அதனால அப்படி ஒருத்தன் இல்லவே இல்லைன்னு தெரியறப்ப நாஷுக்கு விழற அடி நமக்கும் விழும். அப்புறம் அந்த மழை சீன். பொண்டாட்டி குழந்தையைத் தூக்கிட்டு கார்ல கிளம்பறா, இவர் குறுக்க வந்து நின்னு, சார்லஸோட கூட வர்ற சின்னப்பொண்ணுக்கு வயசே ஏறலங்கறார். இத்தனை வருஷத்துல அவ வளரவே இல்ல, அப்ப அவ நிஜமா இருக்க முடியாது. ஒரு கணக்கு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேணும் சொல்லுங்க, தன்னோட பைத்தியத்தை தானே லாஜிக் வெச்சு உடைக்கிறான் மனுஷன்.

ஆனா நிஜ வாழ்க்கையோட ஒப்பிட்டா கத நிறைய விட்டிருக்காங்க. நாஷுக்கு முக்கியமா இருந்தது காதுல கேக்கற குரல்கள், இப்படி ஆள் ஆளா வந்து கண்ணு முன்னாடி நிக்கல. வியாதி தெரிய ஆரம்பிச்சதே 1959 வாக்குல, அப்ப அவருக்கு முப்பது வயசு, அமெரிக்காவோட எம்.ஐ.டி. யுனிவர்சிட்டில வேலை. பிரின்ஸ்டன்ல 1950ல குடுத்த தீசிஸ், முப்பது பக்கம்கூட வராது, அதுக்குத்தான் 1994ல பொருளாதார நோபல். அதாவது நோபல் வாங்கித் தந்த கணக்கெல்லாம் வியாதிக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. படமோ சார்லஸை காலேஜ்லயே கொண்டு வந்து வெச்சு, மேதைத்தனமும் வியாதியும் ஒரே வேர்லேருந்து வந்த மாதிரி காட்டிடுது. மனைவி அலிசியா 1963ல டிவோர்ஸ் பண்ணது படத்துல மூச்சே கிடையாது. ஆனா 1970ல அதே அலிசியா அவரைத் திரும்ப வீட்ல கூட்டி வெச்சுக்கிட்டாங்க, 2001ல மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. என்னைக் கேட்டா படத்துல வர்றதவிட இதுதான் பெரிய காதல் கதை, ஏன் வெட்டினாங்கன்னே புரியல. 2015ல நார்வே போய் கணக்குக்கான ஏபல் பரிசு வாங்கிட்டுத் திரும்பறப்ப, நியூ ஜெர்சில அவங்க வந்த டாக்சி விபத்துல சிக்கி ரெண்டு பேரும் ஒண்ணாவே போய்ச் சேந்துட்டாங்க.

பார் சீன் பத்தி பசங்க கட்டாயம் கேப்பாங்க. அழகான பொண்ணு ஒருத்தி தோழிகளோட வர்றா, நாம எல்லாரும் அவ பின்னாடியே போனா ஒருத்தனுக்கும் கிடைக்க மாட்டா, அதனால அவளை விட்டுட்டு ஆளுக்கொரு தோழிகிட்ட போவோம்னு நாஷ் ஐடியா குடுப்பார். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது நாஷ் ஈக்விலிபிரியமே கிடையாது! மத்தவன் என்ன பண்றானோ அதை அப்படியே வெச்சுக்கிட்டு, நான் மட்டும் மாத்தினா எனக்கு லாபம் இல்லங்கற நிலைமைக்குப் பேருதான் ஈக்விலிபிரியம். இங்க மத்தவன் எல்லாம் தோழிங்ககிட்ட போயிட்டா நான் மட்டும் நைசா அந்த அழகிகிட்ட போயிடலாமே, போட்டியே இல்லையே. நாஷ் பத்தின படத்துலயே நாஷோட ஐடியாவைத் தப்பா சொல்லி வெச்சிருக்காங்க, கொடுமை.

'குட் வில் ஹண்டிங்' (1997) முழுக்க கற்பனை, அதனால நிஜமா பொய்யாங்கற பஞ்சாயத்தே இல்ல. கணக்கு இதுல சும்மா ஒட்டு வேலைதான். எம்.ஐ.டி.ல தரை துடைக்கிற பையன் போர்டுல போடற ரெண்டாவது கணக்கு, பத்து புள்ளியைக் கோடு போட்டு இணைக்கணும், எங்கயும் சுத்தி வந்து மூடிக்கக் கூடாது, எந்தப் புள்ளியிலயும் சரியா ரெண்டு கோடு மட்டும் சேரக்கூடாது, இப்படி எத்தனை விதமா வரையலாம்னு. மொத்தம் பத்து விதம். இதை நிரூபிக்க எங்களுக்கே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு அந்த ப்ரொஃபசர் பில்டப் குடுப்பார் பாருங்க, எங்க டியூஷன் பசங்க ஒரு பேப்பரும் ஒரு மணி நேரமும் குடுத்தா போட்டுடுவானுங்க. ஆனா அதெல்லாம் யாருக்கு வேணும், மனநல ஆலோசகரா வர்ற ராபின் வில்லியம்ஸ் "உன் தப்பு இல்ல"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அந்தப் பையன் முதல்ல சிரிச்சு மழுப்பி, அப்புறம் கோபப்பட்டுத் தள்ளி, கடைசில உடைஞ்சு அழறான் பாருங்க, அதுக்காகவே எத்தனை தடவை வேணா பாக்கலாம். கஷ்டம் எங்கேருந்து வருதுங்கறதை இந்தப் படம் கரெக்டா பிடிச்சிருச்சு, அதுக்கும் கணக்குக்கும் சம்பந்தமே இல்ல. ப்ரொஃபசர் இவனை ராமானுஜனோட ஒப்பிடற சீன் ஒண்ணு வரும், நமக்கு ஒரு சின்ன பெருமை.

இப்ப நம்ம ஆளு. 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' (2015) பத்தி என் ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேர் போர்னு சொல்லிட்டாங்க. குறை இருக்கு, இல்லைங்கல. ராமானுஜன் குள்ளமா, குண்டா இருப்பார், தேவ் படேல் நெடுநெடுன்னு ஹீரோ மாதிரி நிக்கறார். ராமானுஜன் தன் கணக்கெல்லாம் எழுதி அனுப்பின லெட்டர் போய்ச் சேர்ந்தப்ப கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு 35, 36 வயசு, ராமானுஜனைவிட பத்து வயசுதான் மூத்தவர், இங்க அறுபது தாண்டின ஜெரமி அயர்ன்ஸ் நடிச்சதுல ரெண்டு பேரும் அப்பா புள்ள மாதிரி ஆயிட்டாங்க. 1909ல கல்யாணம் ஆனப்ப ஜானகிக்கு பத்து வயசு, படத்துல வயசுக்கு வந்த பொண்ணோட ரொமான்ஸ் வருது.

இருந்தாலும் கணக்கு போடறவங்க எதுக்காக அடிச்சுக்கறாங்கங்கறதை ஒழுங்கா காட்டின படம் இது ஒண்ணுதான். நிரூபணம். ராமானுஜன் விடையை நேரா எழுதிடுவார், ஹார்டி ப்ரூஃப் எங்கன்னு கேட்டு உயிரை எடுப்பார். பாக்கறவங்களுக்கு ஹார்டி வில்லன் மாதிரி தெரியும், ஆனா பகா எண்கள் பத்தி ராமானுஜன் எழுதி அனுப்பின ஒரு ஃபார்முலா நிஜமாவே தப்பு. அந்த ஏரியாவே அப்படித்தான், எண்ணிப் பாத்த வரைக்கும் எல்லாம் சரியா வரும், அப்புறம் கற்பனைக்கே எட்டாத தூரத்துல போய்க் கவுக்கும், ஹார்டியோட சகா லிட்டில்வுட் 1914ல காட்டினது அதைத்தான். அப்புறம் பார்ட்டிஷன் கணக்கு. 4ங்கற நம்பரை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1னு அஞ்சு விதமா பிரிக்கலாம். 200ஐ எத்தனை விதமா பிரிக்கலாம்? கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி விதம், 3972999029388. மேக்மஹோன்னு இன்னொரு கணித அறிஞர் இதைக் கையாலயே கணக்கு பண்ணி வெச்சிருந்தார், ஹார்டி-ராமானுஜன் ஃபார்முலால எட்டே உறுப்பு போட்டுக் கூட்டினா அதே நம்பர், கூட வெறும் 0.004 மட்டும் அதிகம். இதைப் படத்துல ஒரு போட்டி மாதிரி எடுத்திருப்பாங்க, எனக்குப் புல்லரிச்சுது.

ராமானுஜனோட குலதெய்வம் நாமகிரித் தாயார் விஷயத்தையும் கிண்டல் பண்ணாம, கொண்டாடவும் செய்யாம தாண்டிப் போறாங்க. இதுல எனக்கு ஒரு யோசனை ஓடிக்கிட்டே இருக்கும். ஆஸ்பத்திரில இருந்த நாஷை ஒரு ப்ரொஃபசர் பாக்கப் போய், வேற்றுகிரகத்துக்காரங்க உனக்கு சேதி அனுப்பறாங்கன்னு நீ எப்படிய்யா நம்பினன்னு கேட்டிருக்கார். என் கணக்கு ஐடியாவெல்லாம் எப்படி வந்துச்சோ அதே மாதிரிதான் இதுவும் வந்துச்சு, அதான் நம்பினேன்னாராம் நாஷ். ராமானுஜனும் எல்லாம் தாயார் கனவுல வந்து சொல்றதுன்னார். கும்பகோணத்துல அது பக்தி, யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல, போக வேண்டிய தேவையும் இல்ல. 1918ல லண்டன் அண்டர்கிரவுண்ட்ல அவர் தண்டவாளத்துல குதிச்சதுக்கு தாயார் காரணம் இல்லையே. சைவ சாப்பாடு கிடைக்கல, யுத்தத்துல ஊர் திரும்ப முடியல, சானடோரியத்துல மாசக்கணக்கா படுக்கை, மாமியார் மருமக சண்டையில வீட்லேருந்து லெட்டர் வரல. எந்த சாதாரண மனுஷனும் உடைஞ்சுதான் போவான்.

ஞான ராஜசேகரன் படம் (2014) இந்த வீட்டு விவகாரத்துல ஹாலிவுட் படத்தவிட ஸ்ட்ராங். சுஹாசினிதான் அம்மா கோமளத்தம்மாள், பாசமும் பிடிவாதமும் ஒண்ணா கலந்த அம்மா, நம்ம வீடுகள்ல பாக்காத ஆளா? எஃப்.ஏ. (அந்தக் கால ப்ளஸ் டூ மாதிரி) பரீட்சைல கணக்கு தவிர மத்ததுல கோட்டை விட்டு, போர்ட் டிரஸ்ட்ல மாசம் 30 ரூபாய் கிளார்க் வேலைக்கு வர்ற வரைக்கும் பொறுமையா சொல்றாங்க. ரொம்பவே பொறுமையா, அதான் பிரச்சினை, சில இடத்துல மெகா சீரியல் பாக்கற ஃபீல் வந்துடும், கணக்கும் கம்மி.

உலகப்போர்ல ஜெர்மன்காரங்க ரகசியக் குறியீட்டை உடைச்ச ஆலன் டூரிங் பத்தின 'தி இமிடேஷன் கேம்' நடிப்புக்காகப் பாக்கலாம், உளவாளி மிரட்டறது, மெஷினுக்கு கிறிஸ்டோஃபர்னு பேர் வெக்கறது எல்லாம் டுபாக்கூர். அந்த ஆளை உடைச்சது ஓரினச்சேர்க்கையாளர்னு தண்டிச்ச அரசாங்கமும் சட்டமும், படம் அதைக் கடைசில அவசர அவசரமா சொல்லி முடிச்சிடுது.

'பை' (1998) தனி ரகம். கறுப்பு வெள்ளை, சுமார் 60,000 டாலர்ல எடுத்தது. ஒரு 216 இலக்க நம்பரைத் தேடி ஒருத்தன் தலைவலிலயே சாகறான், ஒரு பக்கம் ஷேர் மார்க்கெட் கும்பல், இன்னொரு பக்கம் வேதத்துல அந்த நம்பரைத் தேடற யூத கும்பல். கணக்கா பாத்தா காதுல பூ. ஆனா ஒரு ப்ராப்ளம் பிடிச்சுக்கிட்டு தூக்கம் வராம கிடக்கற அந்த நிலை இருக்கே, அதை இவ்வளவு கிட்டக்க எந்தப் படமும் காட்டல.

சரி, கேள்விக்குப் பதில். மூணுல ஒண்ணுன்னா என் ஓட்டு 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி'க்குத்தான், திட்டறவங்க கமெண்ட்ல திட்டிக்கோங்க. வீட்ல யாருக்காவது மனநோய் இருந்து அதைப் புரிஞ்சுக்க பாக்கறீங்கன்னா 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' பாருங்க, நிஜ நாஷ் 1970க்கு அப்புறம் மருந்து எடுக்கல, படத்துல எடுக்கற மாதிரி மாத்திட்டாங்க, அந்த ஒரு பொய்யை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், யாராவது பாத்துட்டு மாத்திரையை நிறுத்தித் தொலைச்சா என்ன பண்றது. பசங்களோட பாக்கணும்னா 'குட் வில் ஹண்டிங்' வேணாம், கெட்ட வார்த்தை மழை. 'பை'யை மைக்ரேன் இருக்கறவங்க தயவு செஞ்சு தொடாதீங்க.