மாண்டிசோரி (குழந்தை சாதனங்களைத் தானே கையாண்டு கற்கும் முறை) ஆசிரியராக பி.எட். கட்டாயமா? மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் போதுமா?

எந்த வயதுக் குழந்தைகள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மூன்று முதல் ஆறு வயது என்றால் பி.எட்.டும் வேண்டாம், டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரைதான் பேசுகிறது. மழலையர் பள்ளிகளுக்கு மாநில விதிகள் தனியே இருக்கும், சேரும் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் வகுப்பு வந்துவிட்டால் கதை வேறு. வாசலில் மாண்டிசோரி என்று பலகை தொங்கினாலும், அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிதான். ஒன்று முதல் ஐந்து வரை எடுக்க பிளஸ் டூவில் 50 சதவீதம், இரண்டாண்டு டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு), அப்புறம் டெட் முதல் தாள். அதில் 150-க்கு 90 எடுக்க வேண்டும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு). பி.எட். வைத்துக்கொண்டு தொடக்க வகுப்பு எடுக்கலாம் என்ற பேச்சுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. மாண்டிசோரி டிப்ளமோ டி.எல்.எட்.டுக்கு ஈடாகாது. இதைச் சேர்க்கை நேரத்தில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

இனி ஆன்லைன் சான்றிதழ். மாண்டிசோரி என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம், தடுக்கச் சட்டமில்லை. ஆகவே சான்றிதழின் தலைப்பைப் பார்த்துப் பயனில்லை. இம்முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1929-ல் தொடங்கிய ஏ.எம்.ஐ. (சர்வதேச மாண்டிசோரி சங்கம்) அமைப்பின் டிப்ளமோவை அளவுகோலாக வைத்து ஒப்பிடுங்கள்: கோட்பாட்டு வகுப்பு, சாதனங்களோடு மேற்பார்வையில் பயிற்சி, வகுப்பறையில் பேசாமல் உட்கார்ந்து கவனித்தல், கற்பித்தல் பயிற்சி, கடைசியில் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். 'ஆல்பம்' என்று ஒன்றும் உண்டு. ஒவ்வொரு சாதனத்தையும் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது என்று படிப்பவரே எழுதிச் சேர்க்கும் கோப்பு அது. நிறுவனமே அச்சடித்துக் கையில் கொடுத்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நேரடிப் பயிற்சி ஏன் முக்கியம்? உருளைக் கட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், குமிழ் வைத்த பத்து உருளைகள். குமிழை மூன்று விரலால் பிடிக்க வேண்டும். பிற்பாடு பென்சில் பிடிக்கப்போவது அதே விரல்கள்தான். மெதுவாக, வாய் பேசாமல் காட்ட வேண்டும். புதியவர்கள் "பாரு, இது குண்டு, இது ஒல்லி" என்று பேசிக்கொண்டே செய்வார்கள். குழந்தை கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும். பிறகு குழந்தை ஒல்லி உருளையை அகலக் குழியில் போட்டதும் ஆசிரியரின் கை தானாக நீளும். நீளக் கூடாது. அப்படியே விட்டால் கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் இறங்காமல் மிஞ்சும். குழந்தையே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும். வீடியோ பார்த்தால் இது புரிந்துவிடும். ஆனால் அந்தக் கை அடங்க, யாராவது பக்கத்தில் நின்று பலமுறை தடுக்க வேண்டும்.

தமிழ் சொல்லித்தரப் போகிறீர்கள் என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். உப்புத்தாள் எழுத்தும் (விரலால் தடவிப் பழகும் சொரசொரப்பான எழுத்து) நகரும் எழுத்துப் பெட்டியும் (எடுத்து அடுக்கிச் சொல் அமைக்கும் தனித்தனி எழுத்துகள்) ஆங்கிலத்தின் 26 எழுத்தை வைத்தே விளக்கப்படும். தமிழில் கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். கேட்ட ஒலியை வரிசையாக அடுக்கப் பழகிய குழந்தை 'கை'யை எப்படி அடுக்கும்? உயிர்மெய்யை முழு எழுத்தாகத் தருவதா, பிரித்துத் தருவதா? 1939-லேயே மாண்டிசோரி அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறார். ஆனாலும் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் பயிற்சியாளரைக் கண்டால் தாராளமாகப் பணம் கட்டலாம்.



மூன்று மாதச் சான்றிதழுக்கு உதவி ஆசிரியர் வேலை கிடைக்கலாம், வகுப்பைத் தனியாக ஒப்படைப்பது சந்தேகம். பணம் கட்டுமுன் நீங்கள் சேர நினைக்கும் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போன் செய்து, எந்த டிப்ளமோவை ஏற்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.