பயிர் பச்சையாக நிற்கிறது, மணி மட்டும் ஏறவில்லையே?

கேள்வி: நெல் பூத்ததிலிருந்து இரண்டு வாரமாக வானம் மூடியே கிடக்கிறது. பயிர் கரும்பச்சையாக நிற்கிறது. ஆனால் கதிரைக் கையில் பிடித்தால் கனமே இல்லை. இன்னொரு தடவை யூரியா போட்டால் மணி ஏறுமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் பயிருக்கு இப்போது பற்றாக்குறை வெயில்தான். அதை மூட்டையில் வாங்கிப் போட வழியில்லை.

அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. யூரியா கொடுக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மாவுச்சத்தில் துளியும் கிடையாது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றுதான். காய்ந்த பயிரின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இந்த மூன்றும்தான். மண் கொடுப்பது மிச்சம் உள்ள கொஞ்சம். ஹெல்மான்ட் என்ற மருத்துவர் தொட்டியில் மண்ணை நிறுத்துப் போட்டு ஒரு மரக்கன்றை ஐந்து வருடம் வளர்த்தார். மரம் 164 பவுண்டு கூடியது, மண் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ். இது 1648-இல் அச்சில் வந்தது. எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார், காற்றை மறந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், வாயுவைக் குறிக்கும் 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான்.

அந்தக் கார்பன் வருவது காற்றிலிருந்துதான். காற்றில் பத்தாயிரத்துக்கு நாலு பங்குதான் கார்பன் டை ஆக்சைடு. அதை இலைத்துளை வழியாக உள்ளே இழுத்துச் சர்க்கரையாக்க சக்தி வேண்டும். பச்சையம் வெயிலைப் பிடித்துத் தண்ணீரை உடைக்கிறது. ஆக்சிஜன் வெளியே போய்விடுகிறது. பிடித்த சக்தி ஏடிபி போன்ற சில பொருள்களில் ஏறிக்கொள்கிறது. இவை சில்லறைக் காசு மாதிரி, வந்த கையோடு செலவாகிவிடும். நாளைக்கு என்று சேர்த்து வைக்க முடியாது. சேமிப்பாக நிற்பது அந்தச் சக்தியைச் செலவழித்துக் கட்டிய சர்க்கரையும் மாவுச்சத்தும்தான். பகலில் செய்ததில் ஒரு பங்கை இலை மாவுச்சத்தாக வைத்திருந்து, இரவில் மறுபடி சர்க்கரையாக்கிக் கதிருக்கு அனுப்பும். பயிர் இரவிலும் மூச்சு விடுகிறது, அதற்கும் இதே சர்க்கரைதான் எரிகிறது. இரவு புழுக்கமாக இருந்தால் இன்னும் அதிகமாக எரியும்.

ஆகவே மேகமூட்டத்தில் வரவு குறைகிறது, செலவு நிற்பதில்லை. இலை பச்சையாக இருப்பது மோட்டார் நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் அடையாளம். கரண்ட் வராத மோட்டார் தண்ணீர் இறைக்குமா? இந்த நேரத்தில் யூரியாவும் போட்டால், உறிஞ்சிய தழைச்சத்தைப் புரதமாக மாற்றவே பயிர் சர்க்கரையைச் செலவழிக்க வேண்டும். இருக்கிற கொஞ்சமும் கரையும். இலை தழைத்து ஒன்றையொன்று மறைக்கும். ஈரமும் சேர்ந்தால் குலை நோய்க்கும் இலையுறை கருகலுக்கும் அழைப்பு வைத்த மாதிரி.

சரி, முழுப் பழியையும் மேகத்தின் மேல் போடுமுன் ஒன்று செய்து பாருங்கள். பத்துப் பதினைந்து கதிர் பறித்து, லேசான மணிகளை நகத்தால் பிரியுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் உமியாக இருந்தால் கரு பிடிக்கவில்லை என்று அர்த்தம். பூக்கும்போது பெய்த மழையோ கடும் வெப்பமோ காரணமாக இருக்கலாம். அந்த மணியை இனி எதுவும் நிரப்பாது. முழுக் கதிரும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டு துளைப்பான் வேலை. மணிக்குள் பாலோ, சிறுத்த அரிசியோ இருந்தால் மட்டும் வெயில் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை என்றால் முழுவதும் கைவிட்டுப் போகவில்லை. பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் முப்பது நாள். உங்களுக்குப் பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. கதிரின் நுனிப் பக்கத்து மணிகள் முதலில் நிரம்பும், அடிப்பக்கத்து மணிகள் காத்திருக்கும். கதிர் வருவதற்கு முன் தண்டிலும் இலையுறையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தும் கொஞ்சம் கைகொடுக்கும். வெயில் அடித்தால் கண்ணாடி இலையும் (கதிரை ஒட்டிய உச்சி இலை) அதற்குக் கீழே உள்ள இரண்டு இலைகளும்தான் இனி உழைக்கப் போகின்றன. அந்த மூன்றில் புள்ளியோ கருகலோ தெரிந்தால் உடனே கவனியுங்கள். அடியில் பழுத்த இலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். வயலைச் சீக்கிரம் காயப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் தட்டினால் இலைத்துளை மூடிக்கொள்ளும், வெயில் அடித்தும் பயனில்லை. அறுவடைக்குப் பத்து நாள் முன்புவரை ஈரம் இருக்கட்டும்.

அடுத்த போகத்துக்கு விதைக்கும் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ரகத்தின் வயதில் கடைசி முப்பது நாள் உங்கள் பகுதியில் வெயில் நன்றாக அடிக்கும் காலத்தில் விழ வேண்டும். மேலுரம் எதையும் கதிர் வெளிவருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வரப்பு மரத்தின் நிழல் காலையில் வயலில் விழுகிறதென்றால், அந்தக் கிளைகளையும் நடவுக்கு முன்பே கழித்துவிடுங்கள்.